லயத்து எலியும் பிளட் கேன்சரும்

கடிதம்: அண்ணே, எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) அஞ்சாவது காம்பராவுல ஒரு புள்ளைக்கு பிளட் கேன்சர், மகரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோயி மருந்து நடக்குது. எலிக்கு வைரஸால பிளட் கேன்சர் வரும்னு மாமா ஒரு வீடியோ பார்த்துட்டு, லயத்து எலிதான் குடுத்துச்சுன்னு சொல்லிக்கிட்டு திரியிறார். இப்ப யாரும் அந்த வாசப்பக்கம் போறதில்ல. உண்மையாண்ணே? (நோர்வூட் பக்கமிருந்து ஒரு வாசகி)

பதில்: தங்கச்சி, மொதல்ல போயி அந்த அம்மாகிட்ட பேசுங்க. அது ஒட்டுற நோய் இல்ல. சளி இருமல் இருக்கிறவங்க மட்டும் தள்ளி நில்லுங்க, அதுவும் உங்களுக்காக இல்ல, மருந்துல எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போயிருக்க புள்ளைக்காக.

மாமா சொன்னதுல எலிக்கதை நெசம்தான். 1951ல லுட்விக் குரோஸ்னு ஒரு டாக்டர், லுக்கீமியா, அதான் பிளட் கேன்சர், வந்த எலியிலருந்து செல் எதுவும் இல்லாம சாறு எடுத்து, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத வேற ஜாதி எலிக்குட்டிக்கு ஊசி போட்டார், அதுகளுக்கு வளர்ந்தப்புறம் அதே நோய் வந்துச்சு. செல் இல்லாத சாறே நோயக் குடுத்தா வைரஸ்தான் காரணம்னு அர்த்தம், ஆனா ரொம்ப நாளா யாரும் நம்பல. 1957ல சார்லட் ஃப்ரெண்ட்ங்கிற அம்மா வளர்ந்த எலிக்கே லுக்கீமியா குடுக்கிற இன்னொரு வைரஸப் பத்தி எழுதினாங்க, அதுல மண்ணீரல் ஊதிப் பெருத்துரும்.

எப்படி நடக்குதுன்னா, இந்த வைரஸெல்லாம் ரெட்ரோவைரஸ்ங்கிற வகை, அது செல்லுக்குள்ள போயி தன் ஆர்என்ஏவ டிஎன்ஏவா மாத்தி செல்லோட டிஎன்ஏவுக்குள்ளயே சொருகிரும், தோட்டத்து செக்ரோல்ல (வேலையாள் பேர் பதியுற புத்தகத்துல) கள்ளத்தனமா பேரை ஏத்துற மாதிரி, அதுக்கப்புறம் அந்த செல் ரெண்டாகும்போதெல்லாம் அந்தப் பேரும் சேர்ந்தே காப்பியாகும். எந்த வரிக்குப் பக்கத்துல ஏறுதுங்கிறதுலதான் விசயம் இருக்கு. செல்ல வளரச் சொல்ற ‘மிக்’ மாதிரி ஜீனுக்குப் பக்கத்துல விழுந்தா, வைரஸோட ஸ்விட்ச் அதை நிறுத்தாம ஓட விட்டுரும். ஃப்ரெண்ட் வைரஸ் வேற வழி, அதோட ஒரு புரதம் சிவப்பணு ஆகப்போற செல்லோட கதவுல போயி ஒட்டிக்கிட்டு, ஹார்மோன் வந்துருச்சு பெருகுன்னு பொய் சொல்லும்.

எதிர்ப்புச் சக்தி போறதும் இருக்கு. எல்பி-பிஎம்5னு ஒரு வைரஸ் கூட்டம், அது ஏறின எலிக்கு நெறிக்கட்டி பெருசாயிரும், உள்ள வெள்ளை அணு குமிஞ்சு கிடக்கும், ஆனா கிருமி வந்தா ஒண்ணும் எந்திரிக்காது. செக்ரோல்ல இருநூறு பேரு, மலையில கொழுந்து எடுக்க பத்துப் பேரு, நம்ம ஆளுகளுக்கு இது சொல்லியா தெரியணும்?

இதெல்லாம் லாப்ல வளர்த்த எலி, பெரும்பாலும் தலைமுறை தலைமுறையா ஒரே ரத்தத்துல வளர்த்தது. அந்த வைரஸ் மனுசனுக்கு லுக்கீமியா குடுத்ததா யாரும் காட்டல. மனுசனுக்குன்னு எச்டிஎல்வி-1னு ஒரு ரெட்ரோவைரஸ் இருக்கு, அதுவும் தாய்ப்பால், ரத்தம், உடலுறவு வழியா மனுசன்கிட்டருந்துதான் வரும், பெரியவங்களுக்குத்தான் லுக்கீமியாவாகும், அதுவும் கொஞ்சப் பேருக்கு.

லயத்து எலிக்கு பயந்தா எலி மூத்திரம் கலந்த தண்ணியால வர்ற எலிக்காய்ச்சலுக்கு பயப்படச் சொல்லுங்க மாமாவ, வெறுங்கால்ல கான் (வடிகால்) தண்ணியில நிக்கிறாரே. அந்த வீடியோவ இன்னும் யாருக்கெல்லாம் அனுப்பினார்னும் கேட்டு வைங்க.