ஹெப்பரினில் கலப்படம்: கேள்வி பதில்

கேள்வி: 2008இல் ஹெப்பரினில் கலந்திருந்தது என்ன? வழக்கமான சோதனைகள் ஏன் ஏமாந்தன?

பதில்: மிகைசல்பேட்டேற்றிய காண்ட்ராய்டின் சல்பேட், சுருக்கமாக ஓ.எஸ்.சி.எஸ். ஹெப்பரின் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசிமருந்து, பன்றிக்குடலிலிருந்து எடுப்பது. அப்போது சீனாவில் பன்றிகளுக்கு நீலக்காது நோய் பரவி மூலப்பொருள் விலை ஏறியிருந்தது, குருத்தெலும்பிலிருந்து எடுக்கும் காண்ட்ராய்டினோ மலிவு. இயற்கைக் காண்ட்ராய்டினில் இரட்டைச் சர்க்கரை அலகுக்கு ஏறத்தாழ ஒரு சல்பேட். இதில் நான்கு. குருத்தெலும்பில் அப்படி எதுவும் கிடையாது, ஆய்வகத்தில் யாரோ ஏற்றியதுதான்.

அன்றைய அமெரிக்க மருந்துநூல் முறை, ஆட்டுப் பிளாஸ்மா உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று பார்த்தது. ஓ.எஸ்.சி.எஸ்.ஸும் உறைவைத் தாமதப்படுத்தும், ஆனால் முக்கியமாகத் திராம்பின் என்ற உறைவுப் புரதத்தை (காரணி 2ஏ) தடுத்து. இன்னொரு உறைவுப் புரதமான காரணி 10ஏ பக்கம் அதற்கு வேலை இல்லை. அதனால் ‘வீரியம் சரி’ என்று அறிக்கை வந்தது. இப்போது 10ஏ தடுப்பையும் 2ஏ தடுப்பையும் தனித்தனியே அளந்து, விகிதம் 0.9–1.1க்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

கேள்வி: வீட்டில் ஊசிமருந்தைச் சோதிக்க வழி உண்டா?

பதில்: இல்லை.

கேள்வி: என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறுகளின் குறிகளைப் படிக்கும் சோதனை) செய்முறையைக் கொஞ்சம் விளக்குங்கள் சார். (மருந்தியல் மாணவி)

பதில்: மாதிரி மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறையாமல், டி.எஸ்.பி. (அளவுகோலின் பூஜ்யத்தைக் காட்டும் ஒப்பீட்டுப் பொருள்) 0.002% உள்ள கனநீரில் கரைக்க வேண்டும். கருவி 500 மெகாஹெர்ட்ஸாவது இருக்கட்டும். அசிட்டைல் தொகுதியின் குறி ஹெப்பரினுக்கு 2.05 பி.பி.எம்.மில் (அளவுகோலில் குறியின் இடம்) வரும், ஹெப்பரினோடு வரக்கூடிய மாசான டெர்மாடன் சல்பேட்டுக்கு 2.08, ஓ.எஸ்.சி.எஸ்.ஸுக்கு 2.15 அருகே. 2.10–3.20 பகுதியில் அடையாளம் தெரியாத எந்தக் குறியும் ஹெப்பரின் குறிகளின் சராசரி உயரத்தில் 4% தாண்டக்கூடாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மாங்கனீசு போன்ற உலோகத் தடயம் இருந்தால் ஓ.எஸ்.சி.எஸ். குறி அகன்று தட்டையாகிவிடும், கண்ணுக்கே படாது. உலோகத்தைப் பிடித்து வைக்கும் ஈ.டி.டி.ஏ. கொஞ்சம் சேருங்கள். அதன் சொந்தக் குறிகளைக் கலப்படம் என்று எண்ணாமலிருக்க, ஈ.டி.டி.ஏ. மட்டும் உள்ள வெற்றுக்கரைசலை முதலில் ஓட்டிப் பாருங்கள். ஒற்றைச் சோதனையை நம்பாதீர்கள். வலு எதிரயனிப் பரிமாற்ற எச்.பி.எல்.சி.யும் (மின்னூட்டத்தின்படி பொருள்களைப் பிரித்துக் காட்டும் முறை) கூடவே ஓடட்டும். அதில் ஓ.எஸ்.சி.எஸ். ஹெப்பரினுக்குப் பிறகு வெளியே வரும்.

கேள்வி: வார்ஃபரின் சாப்பிடுகிறேன், கீரை தின்னலாமா?

பதில்: என் துறை அல்ல. உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஓ.எஸ்.சி.எஸ். கலந்த ஹெப்பரினை ஊசியில் போட்டால் ரத்த அழுத்தம் ஏன் விழுகிறது?

பதில்: ஓ.எஸ்.சி.எஸ். உறைவுக் காரணி 12 வழியாகக் கல்லிக்ரீன் என்ற நொதியைத் தூண்டி, ரத்தக் குழாய்களை விரிக்கும் பிராடிகைனினை உண்டாக்குகிறது, ஒவ்வாமை போன்ற எதிர்வினை தரும் சி3ஏ, சி5ஏ புரதங்களும் கூடவே கிளம்பும். நிமிடங்களில் அழுத்தம் சரியும், முகம் வீங்கும்.

கேள்வி: வீட்டிலேயே சோதிக்க ஏதாவது…

பதில்: மேலே இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் 600 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 2.15இல் சிறு குறி. லாட்டை (ஒரே தடவையில் தயாரித்த மருந்துத் தொகுதியை) நிராகரித்துவிட்டோம், சரிதானே?

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள். ஹெப்பரினின் அசிட்டைல் குறிக்கே இரு பக்கமும் கார்பன்-13 (கார்பனின் அரிதான, கனமான வகை) உண்டாக்கும் சிறு துணைக்குறிகள் இருக்கும், நடுக்குறியிலிருந்து 64 ஹெர்ட்ஸ் தள்ளி, ஒவ்வொன்றும் அதன் 0.55% அளவில். 600இல் அது சுமார் 0.107 பி.பி.எம். 2.05உடன் கூட்டினால் 2.15க்கு மேலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது!

கேள்வி: துணைக்குறிகள் வராதபடி கார்பனைப் பிணைப்பு நீக்கி (அதன் தாக்கத்தை ரேடியோ அலையால் அணைத்து) ஓட்டினால் நிஜக் கலப்படமும் மறைந்துவிடுமே?

பதில்: மறையாது. துணைக்குறிகள் நடுக்குறிக்குள் அடங்கும், ஓ.எஸ்.சி.எஸ். குறி தன் இடத்திலேயே நிற்கும். அந்த அலையால் உப்புக்கரைசல் சூடேறி, தண்ணீரின் குறி நகராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அதற்கு 500இல் ஓட்டினால் போதாதா? துணைக்குறி 2.18க்குப் போய்விடுமே.

பதில்: போகும். ஆனால் ஓ.எஸ்.சி.எஸ். குறிக்கான 2.16±0.03 என்ற ஏற்பு எல்லையை அது தொட்டுக்கொண்டேதான் இருக்கும். இடம் மாற்றித் தப்பிக்க வேண்டாம், 600இல் 1.94ஐப் பாருங்கள். அங்கே இருக்கும் மறுபக்கத் துணைக்குறியும் 2.15இல் உள்ள குறியும் ஒரே உயரமென்றால் துணைக்குறி. 2.15 உயர்ந்திருந்தால் அந்த உபரிக்குத்தான் பதில் தேட வேண்டும். ஐயம் தீரவில்லையா? 0.1% ஓ.எஸ்.சி.எஸ். செந்தரத்தை (ஒப்பிடுவதற்கான தூய மாதிரியை) சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் எச்.பி.எல்.சி. மட்டும் போதுமே, இத்தனை தலைவலி எதற்கு?

பதில்: ஒற்றைச் சோதனை வேண்டாம் என்று முன்பே சொன்னேன். நாளை வேறொன்றைக் கலந்து அதுவும் ஹெப்பரின் உச்சத்தோடு சேர்ந்தே வெளிவந்தால் அந்த வரைபடம் வாய் திறக்காது.

கேள்வி: நிராகரித்த லாட்டை என்ன செய்ய?

பதில்: 1.94இன் உயரம் என்னவென்று முதலில் சொல்லுங்கள்.