பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க? – வாசகர் கேள்வி-பதில்

இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல பிரேக் கேள்விதான். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன், கார் என்ன மாடல், எந்த வருஷம், டயர் என்ன சைஸ், கடைசியா பிரேக் ஆயில் எப்ப மாத்துனது, இந்த நாலும் எழுதாம "என் காருக்கு எந்த பிரேக் நல்லாருக்கும்"னு கேட்டா ஜாதகத்த குடுக்காம பொருத்தம் பாக்கச் சொல்ற மாதிரி இருக்கு.

கே: போலோ ஜிடி டிஎஸ்ஐ, ரீமேப் பண்ணது (இன்ஜின் சாஃப்ட்வேர மாத்தி பவர் ஏத்துனது). கொல்லிமலை எறங்கும்போது பாதி வழியில பெடல் மெத்துன்னு உள்ள போயிடுச்சு. பெரிய டிஸ்க் போடணுமா?

ப: பெடல் உள்ள போச்சுன்னா ஆயில் கொதிச்சிருக்குன்னு அர்த்தம். பெடல் கல்லு மாதிரி நிக்குது ஆனா வண்டி நிக்கலன்னா அது பேட் (டிஸ்க்க கவ்விப் பிடிக்கற கட்டை) சூடாகி பிடிப்பு விட்டது. ரெண்டும் வேற வேற வியாதி. டாட்ங்கறது பிரேக் ஆயிலோட தரம், டாட் 4 ஆயில் புதுசுல 230 டிகிரி வரைக்கும் தாங்கும், ஆனா அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், நல்லா ஈரம் ஏறுனதுக்கு அப்புறம் 155 கிட்டயே கொதிச்சிடும். எப்ப மாத்துனீங்கன்னு எழுதல, மாத்தவே இல்லன்னு நானே வச்சுக்கறேன். டாட் 5.1 ஊத்தி முழுசா ப்ளீட் பண்ணுங்க (பழைய ஆயிலையும் குழாய்ல இருக்கற காத்தையும் வெளியேத்தறது), ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப பண்ணுங்க. டாட் 5 வாங்கிட்டு வந்துடாதீங்க, அது சிலிகான், இதோட சேராது. அப்புறம் எழுபது கொண்டை ஊசி வளைவையும் பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்குனா எந்த கார் தாங்கும்? மேனுவல் மோடுல ரெண்டாவது கியர்ல போட்டு எறங்குங்க.

கே: ஓட்டை போட்ட டிஸ்க் நல்லதா, கோடு போட்டதா?

ப: ரேஸ் ட்ராக்குக்கு போறதா இருந்தா கோடு. ஓட்டை சுத்தி விரிசல் விழும். ரோட்டுக்கு மட்டும்னா சாதா டிஸ்க்கே போதும், அழகுக்குன்னா உங்க காசு.

கே: நாலு பிஸ்டன் காலிப்பர் (பேட்ட டிஸ்க்ல அமுக்கற கவ்வி), 330 எம்எம் டிஸ்க், முன்னாடிக்கு மட்டும் கிட் ஒண்ணு சல்லிசா கெடைக்குது. போட்டா எவ்வளவு மீட்டர் முன்னாடியே நிக்கும்?

ப: ஒரு மீட்டர் கூட குறையாம போகலாம், நிக்கற தூரம் கூடவும் செய்யலாம். இத எத்தன தடவை எழுதறதுன்னு எனக்கே தெரியல. காலியான நல்ல ரோட்டுல 80ல போயி ஒரே அமுக்கா அமுக்குங்க, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற அமைப்பு) தடதடன்னு வந்துச்சுன்னா உங்க பழைய பிரேக்குக்கே டயரோட பிடிப்ப விட பலம் ஜாஸ்தி. வண்டிய நிப்பாட்டறது டயர்தான். டயர் பக்கவாட்டுல இருக்கற கடைசி நாலு நம்பர பாருங்க, 2318னா 2018ல 23வது வாரம் செஞ்சது, அந்த கட்டைய வச்சுக்கிட்டு செவப்பு காலிப்பர் மாட்டறவங்கள நெறைய பாத்துட்டேன்.

பெரிய டிஸ்க் எதுக்குன்னா சூட்டுக்கு. 100ல இருந்து நிப்பாட்டறத விட 140ல இருந்து நிப்பாட்டுனா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சூடு, இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல சுத்துக்கு சுத்து அதே மாதிரி மிதிச்சா கனமான டிஸ்க்தான் தாங்கும், அங்க ஓட்டறவங்க தாராளமா போடட்டும். ஆனா பிஸ்டன் அளவு பெருசாச்சுன்னா அதே மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அமுக்குனா ஆயில தள்ற பம்ப்) அவ்வளவு ஆயில தள்ளணும், பெடல் கீழ எறங்கும். முன் சக்கரம் சீக்கிரமா வழுக்கும், பின்னாடி பிரேக் பாதி வேலைதான் பாக்கும், மொத்தத்துல நிக்கற தூரம் கூடும். முன்னாடி பின்னாடி கணக்கு போட்டு உங்க மாடலுக்குன்னே செஞ்ச கிட்டா இருந்தா பேசலாம், "எல்லா காருக்கும் செட் ஆகும்"னா ஓடிடுங்க. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் இப்படித்தான் மாட்டுனார், ராத்திரி பஞ்சராகி ஸ்டெப்னி எடுத்து மாட்டப் போனா காலிப்பர் இடிக்குது, வீல் உள்ளயே போகல. மாட்டிக் குடுத்த ஒர்க்ஷாப்ல இத ஒரு வார்த்தை சொல்லல. விடியற வரைக்கும் ரோட்டோரம்.

மொதல்ல ஆயில், அப்புறம் பேட், அப்புறம் டயர். இது மூணுக்கும் ஆகற செலவு அந்த கிட்டுல கால்வாசி இருக்குமா?

கே: பிரேக் போட்டா ஸ்டியரிங் உதறுது. டிஸ்க் வளைஞ்சிருச்சுன்னு மெக்கானிக் சொல்றார்.

ப: பெரும்பாலும் வளையாது. பேட் பொருள் டிஸ்க்ல திட்டு திட்டா ஒட்டியிருக்கும், இல்ல ஹப்புல (டிஸ்க் உக்கார்ற எடம்) துரு ஏறி டிஸ்க் நேரா உக்காந்திருக்காது. டயல் கேஜ் (ஆட்டத்த அளக்கற கருவி) வச்சு பாக்கச் சொல்லுங்க, 0.05 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமுடி மொத்தம் கூட இல்ல, அதுக்கு மேல ஆட்டம் இருந்தாலே கொஞ்ச நாள்ல உதறல் வந்துடும். டிஸ்க்க லேத்துல சீவக் குடுக்கறதுக்கு முன்னாடி டிஸ்க் மேலயே பொறிச்சிருக்கற குறைஞ்சபட்ச கனத்த படிங்க. சூடா இருக்கறப்ப தண்ணி அடிச்சு கழுவாதீங்க.

கே: ரேஸ் பேட் போட்டு தினமும் ஆபீஸ் போகலாமா?

ப: வேணாம். அது சூடானாத்தான் கடிக்கும், காலைல மொத சிக்னல்ல உங்களுக்கு தூக்கிவாரிப் போடும்.

கே: பின்னாடி டிரம்ம எடுத்துட்டு டிஸ்க் மாத்தறதுக்கு எவ்வளவு ஆகும்?

ப: என்ன கார்னே எழுதலையே சார். ஹேண்ட்பிரேக்க என்ன பண்ணப் போறீங்க, ஏபிஎஸ் அந்த டிரம்ம மனசுல வச்சு செட் பண்ணது, அத யார் சரி பண்றது? டிரம்ம தொறந்து சுத்தம் பண்ணி அட்ஜஸ்ட் பண்ணிப் பாருங்க, பாதி பேருக்கு அதுலயே திருப்தி ஆயிடும். ஆயில் மாத்துனீங்களா?

கே: ஸ்டீல் வலை போட்ட பிரேக் ஹோஸ் போட்டா நல்லதா?

ப: பெடல் இறுக்கமா இருக்கும். நிக்கற தூரம் குறையாது. பழைய ரப்பர் உப்பியிருந்தா போடுங்க.

கே: புது பேட் போட்டேன், மொத நாளே கீச்சுன்னு சத்தம், பிடிப்பும் இல்ல.

ப: பழக்கணும்ல. 60-70ல இருந்து 15 வரைக்கும் ஒரு பத்து தடவை மெதுவா எறக்குங்க, முழுசா நிப்பாட்டாதீங்க, அப்புறம் பத்து நிமிஷம் பிரேக் தொடாம ஓட்டி ஆற விடுங்க. சூட்டோட நிறுத்தி பெடல அமுக்கிப் பிடிச்சீங்கன்னா அதே எடத்துல திட்டு ஒட்டும், அடுத்த மாசம் நீங்களும் ஸ்டியரிங் உதறுதுன்னு எழுதுவீங்க.