நிலையம் நிலைக்குமா?

கேள்வி: பாய லேபார் ஆகாயப் படைத் தளம் 2030களில் இடம் மாறத் தொடங்குமாம். அதுதான் ஒரு காலத்தில் நம் சிங்கப்பூரின் அனைத்துலக விமான நிலையம். சரித்திரப் புகழ் பெற்ற விமான நிலையத்தை மூடிவிட்டால், பிறகு அந்த நிலையம் என்ன ஆகும்?
— ஒரு வாசகர், தெம்பனிஸ்

பதில்: ஒரே கேள்வியில் மூன்று முறை 'நிலையம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நிலைத்து நிற்பது நிலையம் என்று எங்கள் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்தார். பாவம், அவர் ஊரிலிருந்து வந்த புதிது. இங்கே பயணி தாமதமாக வந்தால் விமானம் கிளம்பிவிடும். கொஞ்ச வருடம் கழித்து வந்தால் நிலையமே கிளம்பிவிட்டிருக்கும். முதலில் சிலேத்தார், 1937இல் காலாங், 1955இல் பாய லேபார், 1981இல் சாங்கி. (காலாங்கைக் 'களாங்' என்று எழுதுவோருடன் எனக்குள்ள வழக்கு தனி. அது இந்த இதழில் தீராது.)

காலாங்கின் கதையைச் சொன்னாலே உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். சதுப்பு நிலத்தைத் தூர்த்துக் கட்டி, 1937 ஜூன் 12 அன்று ஆளுநர் ஷென்டன் தாமஸ் திறந்துவைத்தார். விமானம் இறங்க வட்டமான புல்தரை. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதற்குத் தோதான திசையில் இறங்கிக்கொள்ளலாம். கடல் விமானங்களுக்குப் பக்கத்திலேயே தண்ணீர். பதினெட்டே ஆண்டுகளில் கடையைக் கட்டினார்கள்.

அப்புறம்தான் வேடிக்கை. 1960இல், சமூக நிலையங்களை நடத்தும் மக்கள் கழகம் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து 2009 வரை இருந்தது. விமான நிலையம், சமூக நிலையங்களுக்கெல்லாம் தலைமை நிலையமாயிற்று. பழைய விமான நிலைய நிலத்தில் ஒரு பகுதி தேசிய விளையாட்டரங்கத்துக்குப் போயிற்று. அக்கம்பக்கத்தில் ஓல்ட் ஏர்போர்ட் ரோடு என்று சாலை. சாலையில் உணவங்காடி நிலையம். இன்று டாக்சி ஓட்டுநரிடம் "ஓல்ட் ஏர்போர்ட்" என்று சொன்னால் ரோஜாக்குக்கா, ஹொக்கியன் மீக்கா என்றுதான் கேட்பார். பெட்டி எங்கே என்று கேட்க மாட்டார். டகோட்டா விமானத்தின் பெயரில் குடியிருப்பு வந்தது. 2010இல் டகோட்டா ரயில் நிலையமும் வந்தது. அதுவும் வட்ட ரயில் பாதையில்! வட்டப் புல்தரையை ஞாபகம் வைத்துக்கொண்டு யாரோ செய்ததுபோல் இருக்கிறது. ஆக, நம் ஊரில் நிலையம் எங்கும் போவதில்லை. முன்னால் இருக்கும் சொல்லை மட்டும் மாற்றிக்கொள்கிறது.

காலாங்கின் முனையக் கட்டடத்தை 2008இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் கண்ணாடிக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் எதிரே விமானம் இறங்கும் வெட்டவெளி இருக்க வேண்டாமா? களத்துமேடு போன பிறகு வைக்கோல் போரை மட்டும் காவல் காப்பதுபோல் எனக்குப் படும்.

பாய லேபாருக்கு வருகிறேன். எழுபதுகளில் என் பெரியப்பா சென்னைக்குப் புறப்பட்டார். அதுவரை ரஜூலா கப்பலில் போய் வந்தவர். அந்தக் கப்பலும் 1973இல் ஓய்ந்துபோயிற்று. வழியனுப்பப் பதினேழு பேர் போனோம். அவர் கழுத்தில் மாலை, கையில் பிஸ்கட் டின், சட்டைப் பையில் கோடாலித் தைலம். ஊரில் ஆளுக்கொரு புட்டி கொடுக்காவிட்டால் சிங்கப்பூரிலிருந்து வந்ததையே நம்பமாட்டார்கள். பார்வையாளர் மாடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாட்டி ஒரு விமானத்தைப் பார்த்துக் கைக்குட்டையை ஆட்டினார், அழுதார், காற்றிலேயே திருநீறு பூசினார். அது மேலே ஏறி மறைந்த பிறகு பக்கத்தில் நின்ற மலாய்க்காரர், "ஜகார்த்தா" என்றார். பெரியப்பாவின் விமானம் இன்னும் தரையில்தான் நின்றது. பாட்டி கலங்கவில்லை. "அவனுங்களும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அதே இடத்துக்குத்தான் ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானமும் வந்தது. லண்டன், பஹ்ரைன், சிங்கப்பூர் என்று 1977 டிசம்பரில் சில நடை. பிறகு 1979இல் மறுபடி தொடங்கி 1980இல் நின்றது. ஒரு விமானத்தின் இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம், வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம். ஊரே அதிசயித்தது. நம் இலக்கிய மேடைகளில் இப்படிப் பக்கத்துக்கொரு வண்ணம் பூசிய பலரை என் அப்பா பார்த்திருந்தார். அவருக்கு அதில் ஒன்றும் புதுமை தெரியவில்லை. பெயர் கேட்டு யாரும் எழுத வேண்டாம். அவர்களே எழுதுவார்கள்.

சரி, இனி என்ன ஆகும்? சுமார் 800 ஹெக்டேர் நிலம். 2022 தேசிய தினப் பேரணி உரையில், சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து 150,000 புதிய வீடுகள் என்று கணக்குச் சொன்னார்கள். விமானம் தாழப் பறக்கும் வழி என்பதால் இத்தனை காலம் அக்கம்பக்கத்தில் கட்டடங்களின் உயரத்துக்கு இருந்த கடிவாளமும் தளரும். பழைய முனையம், கட்டுப்பாட்டுக் கோபுரம் ஆகியவற்றுக்குப் புது வேலை கொடுக்கலாம், ஓடுபாதையைப் பசுமை வெளியாக்கலாம் என்றும் பேச்சு இருக்கிறது. என்னைக் கேட்டால், ஓடுபாதைக்குத்தான் முதல் ஓட்டு. கட்டடத்தைக் காப்பாற்ற ஆயிரம் பேர் கையெழுத்துப் போடுவார்கள். வெட்டவெளிக்கு ஆள் கிடையாது. காலியிடத்தைக் கண்டால் நமக்குக் கை அரிக்கும். கூடவே அந்தப் பார்வையாளர் மாடம் இருந்த இடத்தில் ஒரு கம்பியாவது நட்டுவையுங்கள். பாட்டியின் பேரப்பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நிற்போம்.

கடைசியாக, 'ஓடுபாதை' தவறு, 'ஓடுதளம்' என்பதே சரி என்று ஆறு வருடமாகக் கடிதம் எழுதிவரும் பிடோக் அன்பருக்கு: அங்கே பூங்கா வந்து, நீங்களும் நானும் காலையில் தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தாலும் அது ஓடுபாதைதான்.