கட்டணத்துக்கு மேல் காசோலை அனுப்பி, மீதியை வேறொருவருக்கு அனுப்பச் சொல்லும் பெற்றோரை நம்பலாமா?

காசோலையை டெபாசிட் செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால், மீதி என்று சொல்லி ஒரு டாலரைக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். மொழி வகுப்பு எடுக்கும் உங்களுக்கு வெளிநாட்டிலிருந்து எழுதும் ஒரு தந்தை, தம் மகள் ஒரு மாதம் உங்கள் ஊரில் தங்கப் போவதாகச் சொல்லி 12 வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்கிறார். உங்கள் கட்டணம் 480 டாலர். கூரியரில் வந்த காசோலையிலோ 2,400 டாலர் எழுதியிருக்கிறது. மீதி 1,920 டாலரை, மகளை வகுப்புக்கு அழைத்துவரும் ஓட்டுநருக்கு ஸெல் (Zelle) என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக உடனே அனுப்பச் சொல்கிறார். நீங்கள் எழுதியிருப்பது இதுதான். நானும் நியூஜெர்சியில் தனியாகத் தமிழ் கற்பித்து வருபவள். ஊரும் பெயரும் மாறி இதே கடிதம் எனக்கும் வந்திருக்கிறது. ஸ்பானிஷ், பியானோ, கணிதம் கற்பிக்கும் நண்பர்களுக்கும் வந்திருக்கிறது.

எனக்கு வந்த முதல் மின்னஞ்சலில் நான் கற்பிக்கும் மொழியின் பெயர் எங்குமே இல்லை. "உங்கள் பாடத்தில் என் மகனுக்கு வகுப்பு வேண்டும்" என்றுதான் இருந்தது. ஒரே கடிதம் நீச்சல் ஆசிரியர் முதல் வயலின் ஆசிரியர் வரை எல்லோருக்கும் போவதால் பாடத்தின் பெயரைத் தொடாமல் எழுதுகிறார்கள். நாம் பதில் போட்ட பிறகு, நம் பதிலிலிருந்தே அதை எடுத்துக்கொள்கிறார்கள். பையனுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, வீட்டில் தமிழ் பேசுவார்களா என்று நான் கேட்டதற்கு விடை வரவில்லை. மாறாக, மொத்தக் கட்டணம் எவ்வளவு, காசோலையில் எந்தப் பெயரை எழுத வேண்டும், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், எந்த வங்கியில் கணக்கு என்ற கேள்விகள் வரிசையாக வந்தன. தொலைபேசியில் பேசலாம் என்றால், தமக்குக் காது கேட்பதில் சிரமம் என்றார். கப்பலில் வேலை, மருத்துவமனையில் இருக்கிறேன் என்பவையும் இந்த வகைக் கடிதங்களில் வழக்கமான காரணங்கள். இவை எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தியது, சொன்ன கட்டணத்துக்கு அவர் ஒரு பேச்சும் பேசாமல் தலையாட்டியதுதான். அண்ணனும் தங்கையும் சேர்ந்து வந்தால் குறைப்பீர்களா என்று கேட்காத பெற்றோரை நான் இந்தத் தொழிலில் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

நான் அந்தக் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டதால் எனக்குக் காசோலை வரவில்லை. ஸ்பானிஷ் கற்பிக்கும் தோழி ஒருவருக்கு வந்ததைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். தாள், நீர்க்குறி, கீழே காந்த மையில் அச்சிட்ட எண்கள் எல்லாம் அசல் போலவே இருந்தன. கடிதம் எழுதியவர் ஐரோப்பாவில் இருப்பதாகச் சொன்னவர். காசோலையோ அமெரிக்காவின் வேறொரு மாநிலத்தில் குழாய்ப் பணி செய்யும் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. உறையில் அனுப்புநர் என்று மூன்றாவதாக ஒரு பெயர். கேட்டால், அந்த நிறுவனம் தமக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது, அதனால் நேரே உங்களுக்கு அனுப்பச் சொன்னேன் என்று விளக்கம் வரும். அப்படி ஒரு நிறுவனம் உண்மையில் இருக்கவும் கூடும், கணக்கு எண்ணும் அதனுடையதாகவே இருக்கக்கூடும். அந்த எண்ணைத் திருடித்தான் காசோலையை அச்சடிக்கிறார்கள்.

இனி, பலரும் ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். காசோலையைப் போட்ட ஓரிரு நாளில் உங்கள் கணக்கில் பணம் ஏறிவிடும், எடுக்கவும் முடியும். அதைப் பார்த்துத்தான் "செக் பாஸ் ஆகிவிட்டது" என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த நேரத்தில் காசோலை எழுதியவரின் வங்கியிலிருந்து ஒரு காசும் உறுதியாக வந்துசேர்ந்திருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் பணத்தை வங்கிகள் நாள்கணக்கில் முடக்கி வைப்பதைத் தடுக்க அமெரிக்காவில் 1987-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதைச் செயல்படுத்தும், அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் 'ரெகுலேஷன் சிசி' விதிகளின்படி, சாதாரணக் காசோலையானால் முதல் 275 டாலரை மறு வேலை நாளிலும் (2025 ஜூலைக்கு முன்பு இது 225 டாலராக இருந்தது), மீதியைப் பொதுவாக இரண்டாவது வேலை நாளிலும் வங்கி எடுக்கவிட வேண்டும். வங்கியே தன் பெயரில் எழுதித் தரும் கேஷியர்ஸ் செக்கை நேரில் கொண்டுபோய்க் கட்டினால், பெரும்பாலும் மறு வேலை நாளிலேயே முழுத் தொகையும் கிடைத்துவிடும். மோசடிக்காரர்கள் கேஷியர்ஸ் செக்கை விரும்பி அச்சடிப்பதற்கு இதுவே காரணம். போலி என்று கண்டுபிடிக்கப்பட்டுக் காசோலை திரும்பி வருவதற்கோ வாரக்கணக்கில் ஆகலாம். எந்த வங்கியின் காசோலை என்பதைக் காட்டும் ஒன்பது இலக்க ரூட்டிங் எண்ணை வேண்டுமென்றே மாற்றி அச்சடித்து, காசோலையைத் தவறான வங்கிக்கு அலையவிட்டுக் காலம் கடத்துவதும் உண்டு.

அந்த இடைவெளியில்தான் ஓட்டுநருக்கு அவசரம் வருகிறது. நீங்கள் ஸெல்லில் அனுப்பிய 1,920 டாலர் சில நிமிடங்களில் அவர் கைக்குப் போய்விடும். திரும்ப வாங்க வழி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் காசோலை திரும்பும்போது வங்கி 2,400 டாலரையும் உங்கள் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும்; சில வங்கிகள் அதற்கு ஒரு கட்டணமும் பிடிக்கும். போன 1,920 டாலர் முழுக்க உங்கள் சொந்தப் பணம். காசோலையை டெபாசிட் செய்தவரே அதற்குப் பொறுப்பு என்பதால் வங்கியிடம் வாதாடிப் பயனில்லை.

பிரிட்டனில் நிலைமை சற்று வேறு. காசோலையின் படத்தை வைத்தே வங்கிகள் கணக்குத் தீர்க்கும், 2017-இல் தொடங்கிய படவழித் தீர்வு முறையில், உள்நாட்டுக் காசோலையின் கதி மறு வேலை நாள் முடிவதற்குள் தெரிந்துவிடும். வெளிநாட்டு வங்கியின் காசோலைக்கு அது பொருந்தாது என்பதை லண்டனில் வகுப்பெடுப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மொழி ஆசிரியர்களைக் குறிவைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. நம் பெயர், ஊர், மின்னஞ்சல், ஒரு மணி நேரக் கட்டணம் எல்லாம் விளம்பரத்திலேயே கிடக்கின்றன. முன்பணம் வாங்குவது நம் வழக்கம். ஆகவே முன்பணம் தருகிறேன் என்பவர் மீது சந்தேகம் எழுவதில்லை. வெளிநாட்டிலிருந்து எழுதுவோரும், ஆங்கிலம் தடுமாறுவோரும் நமக்கு அன்றாட வாடிக்கையாளர்கள் என்பதால், வேறு தொழில் செய்பவருக்கு உறுத்தும் நடை நமக்கு உறுத்துவதில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவின் உதவியால் கடிதங்கள் பிழையின்றியே வருகின்றன. எழுத்துப்பிழையை வைத்து மோசடியைக் கண்டுபிடிக்கலாம் என்ற பழைய அறிவுரையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

காசோலையை விட்டுவிட்டு வேறு வழியிலும் இதையே செய்கிறார்கள். பேபால் அனுப்பியது போன்ற ஒரு மின்னஞ்சலில், பணம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, கூடுதல் தொகையை நீங்கள் அனுப்பிய ரசீதைக் காட்டினால் விடுவிக்கப்படும் என்று இருக்கும். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களாகவே செயலியைத் திறந்து பார்த்தால் அங்கே எந்தப் பணமும் இருக்காது. திருட்டு கிரெடிட் கார்டில் கூடுதலாகக் கட்டிவிட்டு மீதியை வேறு கணக்குக்குக் கேட்பது இன்னொரு வகை. கட்டணம் எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அதற்கேதான் திருப்ப வேண்டும். இந்தியாவில் இணையவழி டியூஷன் எடுப்பவர்களிடம் ராணுவ அதிகாரி என்று அறிமுகமாகி, பணம் அனுப்புவதாகச் சொல்லி க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் (PIN) எப்போதும் தேவையில்லை. அது கேட்கப்பட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது. போய்விட்டால் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

புதியவர்களிடம் நான் கடைப்பிடிப்பது எளிய ஒரு முறை. முதலில் மாணவரோடு பத்து நிமிடம் காணொளியில் பேசுகிறேன், முதல் வகுப்புக்கான கட்டணம் மட்டும் வாங்குகிறேன், காசோலை வாங்குவதில்லை. உண்மையான பெற்றோர் எவரும் இதற்கு இதுவரை முகம் சுளித்ததில்லை.

உங்கள் விஷயத்தில், காசோலையையும் உறையையும் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். டெபாசிட் செய்திருந்தால் இன்றே வங்கிக் கிளைக்குப் போய், இது போலியாக இருக்கலாம் என்று எழுத்தில் தெரிவித்து, கணக்கில் ஏறிய அந்தத் தொகையைத் தொடாமல் விடுங்கள். போலிக் காசோலை பற்றி அமெரிக்க அஞ்சல் புலனாய்வுத் துறையிலும், கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திலும் (FTC), எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் புகார் பதியலாம். பணம் அனுப்ப மறுத்ததும் வழக்கறிஞர், போலீஸ் என்று மிரட்டல் வரக்கூடும். பதில் போடாமல் அந்த முகவரியைத் தடை செய்துவிடுங்கள். காசோலையில் பெயர் உள்ள நிறுவனத்தையும் ஒரு முறை அழைத்துச் சொல்லுங்கள். காசோலையில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாமல், இணையத்தில் நீங்களே தேடி எடுத்த எண்ணில் அழையுங்கள். தங்கள் கணக்கு எண் வெளியே சுற்றுவது பெரும்பாலும் அவர்களுக்கே தெரிந்திருக்காது.