நாஷ்வில் பாடிய ஈகிள்ஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

அமெரிக்க ராக் குழுவான ஈகிள்ஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதில் சொல்லியிருந்த, அவர்கள் பாட்டுகளை அமெரிக்கக் கிராமத்து இசையான கன்ட்ரியின் பாடகர்கள் பாடிய ‘காமன் த்ரெட்’ ஆல்பத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். கல்லூரி விடுதியில் ஒரே ஒரு ஈகிள்ஸ் காசெட்டை நாடா தேயும்வரை கேட்டவன் நான். ‘டெஸ்பராடோ’, ‘லையின் ஐஸ்’ எல்லாம் மனப்பாடம். அதனாலோ என்னவோ, இந்த ஆல்பம் மனதில் ஒட்டவே இல்லை. பாதிப் பாட்டுகளில் எதையும் மாற்றவில்லை. அதே வேகம், அதே கிட்டார், குரல் மட்டும் வேறு. அசல் கையில் இருக்கும்போது நகல் எதற்கு? ராக் பாட்டுகளை கன்ட்ரி பாடகர்களைப் பாட வைத்து, பழைய பெயரில் இன்னொரு முறை காசு பார்த்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ராக் குழுவுக்கும் இதேபோல ஒன்று வந்திருக்கிறதாம். இதை நீங்கள் ஏன் இவ்வளவு உயர்த்திப் பேசினீர்கள் என்று புரியவில்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கே.

அன்புள்ள கே.,

தவறாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. நாடா தேயக் கேட்டவருக்குத்தான் இந்தக் கோபம் வரும். அந்தக் காசெட்டில் இருந்த ஒவ்வொரு மூச்சும் உங்களுக்குச் சொந்தம், அதை வேறொருவர் தொட்டால் வலிக்கத்தான் செய்யும்.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் நீங்கள் சொல்வது பாதி உண்மை. ‘காமன் த்ரெட்’ 1993 அக்டோபரில் ஜயன்ட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ஆல்பம். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய இர்விங் அஸாஃப், ஈகிள்ஸின் மேனேஜர். எனவே கணக்குப் போடாமல் செய்த காரியம் இல்லை. அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆனால் அதன் வருவாயில் ஒரு பங்கு, ஈகிள்ஸின் டான் ஹென்லி 1990-ல் தொடங்கிய வால்டன் வுட்ஸ் அமைப்புக்குப் போனது. காந்தி விரும்பிப் படித்த அதே எழுத்தாளர் தோரோ குடிசை போட்டு வாழ்ந்த காட்டைக் கட்டடக்காரர்களிடமிருந்து காப்பாற்றுவதற்கான அமைப்பு அது. சரி, காசு இவ்வளவுதான். எனக்கு முக்கியமாகப் படுவது அசல், நகல் என்று நீங்கள் போட்ட கோடு.

ஆல்பத்தின் முதல் பாட்டையே எடுங்கள், ‘டேக் இட் ஈஸி’. அதை எழுதத் தொடங்கியவர் பாடகர் ஜாக்சன் பிரவுன். லாஸ் ஏஞ்சல்ஸில் எக்கோ பார்க் பகுதியில் ஒரு பழைய கட்டடம். கீழே பிரவுன், மேலே பின்னாளில் ஈகிள்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிளென் ஃப்ரை. காலையில் கீழிருந்து பியானோ கேட்கும். பிரவுன் ஒரே சரணத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துத் திருத்திக்கொண்டே இருப்பார். பாட்டு எழுதுவது எப்படி என்பதை அந்தத் தரை வழியாகக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன் என்று ஃப்ரை பின்னாளில் சொல்லியிருக்கிறார். ‘டேக் இட் ஈஸி’யில் இரண்டாவது சரணம் வராமல் பிரவுன் நின்றுபோனார். அரிசோனாவின் வின்ஸ்லோ ஊரில் தெருமுனையில் நிற்பதுவரை வந்துவிட்டது, அதற்கு மேல் நகரவில்லை. ஃபோர்டு லாரியில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து அதை முடித்துவைத்தவர் ஃப்ரை. 1972-ல் ஈகிள்ஸ் வெளியிட்டார்கள். பிரவுன் தன் ஆல்பத்தில் அதைப் பாடியது மறுவருடம். இப்போது சொல்லுங்கள், பிரவுன் பாடியது அசலா, நகலா?

நீங்கள் கேட்ட ஸ்டோன்ஸ் கதை இன்னும் விசித்திரம். அவர்களுக்கான கன்ட்ரி ஆல்பம் ‘ஸ்டோன்ட் கோல்ட் கன்ட்ரி’ 2023-ல் வந்தது. அதில் லிட்டில் பிக் டவுன் குழு ‘வைல்ட் ஹார்சஸ்’ பாடியிருக்கிறது. ஸ்டோன்ஸின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாட்டு அது, 1969 டிசம்பரில் அலபாமாவில் பதிவானது. ஆனால் முதலில் கடைக்கு வந்தது ஸ்டோன்ஸின் பதிவு அல்ல. கிராம் பார்சன்ஸ் இருந்த ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் என்ற கன்ட்ரி ராக் குழு 1970-லேயே பாடி வெளியிட்டுவிட்டது. ஸ்டோன்ஸ் பாடியது வந்தது 1971-ல். ஆக, கவர், அதாவது அடுத்தவர் பாடிய வடிவம், முந்திக்கொண்டது, அசல் பின்னால் வந்தது.

அந்த புரிட்டோ பிரதர்ஸில் கிட்டார் வாசித்தவர்தான் பெர்னி லெடன். அங்கிருந்து கிளம்பி ஈகிள்ஸில் சேர்ந்தார். ‘டேக் இட் ஈஸி’யை மறுபடி கேளுங்கள், பாட்டு பாதிக்கு மேல் போனதும் பின்னால் தடதடவென்று பாஞ்சோ என்ற கம்பிக் கருவி ஓடும். அது லெடனின் கை. ராக் என்று நீங்கள் சொல்கிற பாட்டின் உள்ளே கன்ட்ரி முதல் நாளிலிருந்தே உட்கார்ந்திருக்கிறது. ‘லையின் ஐஸ்’ 1975-ல் கன்ட்ரி தரவரிசையிலேயே 8-வது இடம்வரை போனது.

ஆனால் கன்ட்ரி வீட்டுக்காரர்கள் இவர்களை அவ்வளவு எளிதாக உள்ளே விடவில்லை. 1968 மார்ச்சில் பேர்ட்ஸ் குழு, கிராம் பார்சன்ஸோடு, நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் ஏறியது. கன்ட்ரி இசைக்கு அதுதான் மூலஸ்தானம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்த, முடி வளர்த்த ராக் பையன்கள். கூட்டத்திலிருந்து கேலிக் குரல்கள் வந்தன. அவர்களோ உள்ளன்போடு கன்ட்ரி பாட வந்தவர்கள். அந்த அவமதிப்பை நினைவில் வைத்துக்கொண்டுதான் நான் ‘காமன் த்ரெட்’டைக் கேட்கிறேன். 25 வருடம் கழித்து அதே நாஷ்வில்லின் 13 நட்சத்திரங்கள் வரிசையில் நின்று அந்தக் கலிஃபோர்னியா வழியில் வந்த பாட்டுகளைப் பாடுகிறார்கள். 1994-ல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அதையே வருடத்தின் சிறந்த ஆல்பம் என்று அறிவிக்கிறது. நான் அந்த ஆல்பத்தை உயர்த்திப் பேசியது இதற்காகத்தான். வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளை நடுக்கூடத்தில் உட்காரவைத்த நாள் அது.

இது எப்படி நடந்தது என்றால், வயதுதான் காரணம். அந்த 13 பேரில் ஆலன் ஜாக்சன் பிறந்தது 1958-ல், ட்ராவிஸ் ட்ரிட் 1963, ட்ரிஷா இயர்வுட் 1964. மூவரும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போன வருடங்களில் ரேடியோவைத் திருகினால் ஈகிள்ஸ்தான். நீங்கள் விடுதியில் கேட்ட பாட்டை அவர்களும் அப்படித்தான் கேட்டார்கள். எதையுமே மாற்றவில்லை என்கிறீர்களே, சிறுவயதில் மனப்பாடம் ஆன பாட்டை யாருக்கு மாற்றத் தோன்றும்?

மாற்றாமலேயே ஒரு பாட்டு எப்படி மாறும் என்பதற்கு ‘டெக்கீலா சன்ரைஸ்’ ஒன்று போதும். ஆலன் ஜாக்சன் மெட்டை ஓர் இழைகூட நகர்த்தவில்லை. கூலிக்கு வேலை பார்த்தபடி, தன் கனவுகளை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போகும் ஒருவனைப் பற்றி அதில் ஒரு வரி வரும். 1973-ல் டெட்ராய்ட்காரரான ஃப்ரை அதைப் பாடும்போது, தூரத்தில் நிற்கும் ஒரு கௌபாயைப் பரிவோடு பார்க்கிற குரல். ஜாக்சன் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், பழைய கார் விற்றவர், நாஷ்வில்லுக்கு வந்தபின் ஒரு டிவி நிலையத்தில் தபால் பிரிக்கும் அறையில் வேலை செய்துகொண்டு இரவில் பாட்டு எழுதியவர். அந்த வரி வரும்போது அவர் குரலை உயர்த்துவதில்லை, இழுப்பதில்லை, சும்மா சொல்லிவிட்டுப் போகிறார். நான் ஓர் இரவு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். ஃப்ரையின் பாட்டில் அந்தக் கூலிக்காரன் ஒரு பாத்திரம். ஜாக்சனின் பாட்டில் அவன்தான் பாடுகிறான்.

ட்ரிஷா இயர்வுட் பாடிய ‘நியூ கிட் இன் டவுன்’ எனக்கு அதற்கும் மேலே. ஊருக்குப் புதிதாக வந்தவனை எல்லோரும் கொண்டாடுவார்கள், அடுத்தவன் வந்ததும் மறந்துவிடுவார்கள் என்பது பாட்டின் சாரம். ஈகிள்ஸ் அதை 1976-ல் பாடும்போது உச்சியில் இருந்தார்கள், கீழே பார்த்துப் பாடினார்கள். ட்ரிஷாவின் முதல் பாட்டு முதலிடத்துக்கு வந்தது 1991-ல். அந்தப் புதுமுகமே அவர்தான். தனக்கு வரப்போவதைத் தானே பாடுகிறார். அந்த இனிமையான மெட்டுக்குள் ஒரு பயம் இருப்பது அவர் பாடித்தான் எனக்குப் புரிந்தது. அப்புறம் ஈகிள்ஸைக் கேட்டபோது அங்கேயும் அந்தப் பயம் இருந்தது. நான்தான் அத்தனை வருடம் கவனிக்கவில்லை.

உங்கள் குறையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டயமண்ட் ரியோவின் ‘லையின் ஐஸ்’ நேர்த்தியானது, ஆனால் அதில் புதிதாக எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. சூஸி பொகஸ் நல்ல பாடகி. ஆனாலும் ‘டேக் இட் டு த லிமிட்’ அவர் தொண்டையில் சிரமமே இல்லாமல் ஏறிவிடுகிறது. ஈகிள்ஸின் ராண்டி மைஸ்னர் பாடும்போது அந்தக் கடைசி உச்சத்தில் குரல் எட்டுமா எட்டாதா என்று நம் நெஞ்சு பிடித்துக்கொள்ளும். மேடையில் அதைப் பாடவே அவர் அஞ்சினார். 1977-ல் அவர் குழுவை விட்டு விலகியதற்கு அந்த உச்சமும் ஒரு காரணம். அந்தப் பாட்டுக்கு உயிரே அந்தத் திணறல்தான்.

ஆல்பத்தால் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஈகிள்ஸ் 1980-ல் மேடையிலேயே ஒருவரை ஒருவர் மிரட்டிக்கொண்டு பிரிந்தவர்கள். நரகம் பனியாக உறைந்தால்தான் மறுபடி சேர்வோம் என்றார் ஹென்லி. ட்ராவிஸ் ட்ரிட் தன் ‘டேக் இட் ஈஸி’ வீடியோவில் தனக்குப் பின்னால் வாசிக்க அவர்களையே கூப்பிட்டார். 1993 டிசம்பரில் ஃப்ரை, ஹென்லி, வால்ஷ், ஃபெல்டர், ஷ்மிட் ஐந்து பேரும் வந்து நின்றார்கள். 13 வருடத்துக்குப் பிறகு ஒரே அறையில், சிரித்துக்கொண்டு. மறுவருடம் குழு மறுபடி ஒன்று சேர்ந்தது. அப்போது அவர்கள் வெளியிட்ட ஆல்பத்துக்கு வைத்த பெயரே ‘ஹெல் ஃப்ரீஸஸ் ஓவர்’, நரகம் உறைகிறது. நீங்கள் நகல் என்று ஒதுக்குகிற பாட்டு, அசல்காரர்களைச் சேர்த்து வைத்தது.

ஒரே ஒரு பாட்டாவது நீங்கள் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அது ‘காமன் த்ரெட்’டில் இல்லை. அந்த ஆல்பத்தில் ‘ஐ கான்ட் டெல் யூ ஒய்’ பாடியவர் வின்ஸ் கில். 2016 ஜனவரியில் கிளென் ஃப்ரை இறந்தார். மறுவருடம் ஈகிள்ஸ் மேடை ஏறியபோது அந்த இடத்தை நிரப்ப வந்தது இரண்டு பேர். ஒருவர் ஃப்ரையின் மகன் டீக்கன், இன்னொருவர் இதே வின்ஸ் கில். அவர்கள் 2018 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் ஃபோரம் அரங்கில் பாடிய பதிவு வெளிவந்திருக்கிறது. அதில் ‘டேக் இட் டு த லிமிட்’ பாடுவது கில். அப்போது அவருக்கு 61 வயது. மைஸ்னர் அஞ்சிய அந்தக் கடைசி உச்சத்துக்கு அவர் ஏறுகிற இடத்தில் அரங்கத்தின் இரைச்சலையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.