பிளான் இலவசம் என்றால் ஆர்க்கிடெக்டுக்கு எதற்குப் பணம்?

வாசகர் கேள்விகளுக்குக் கட்டடக் கலைஞரின் பதில்கள்

கேள்வி: திருச்சி உறையூரில் எங்களுக்கு 2,000 சதுர அடி மனை இருக்கிறது. அதில் 1,400 சதுர அடியில் வீடு கட்ட எண்ணியிருக்கிறோம். காண்ட்ராக்டர், ‘பிளான் நானே போட்டுத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்’ என்கிறார். சிறிய வீடுகளுக்கு இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைத்துவிடுகிறது என்றும் சொல்கிறார்கள். இந்த நிலையில் ஆர்க்கிடெக்ட் ஒருவருக்குத் தனியாகப் பணம் கொடுப்பது வீண் செலவு இல்லையா? (எஸ்.கே., திருச்சி)

பதில்: உடனடி அனுமதி பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தின்படி, 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், தரைத்தளமோ அதன்மேல் ஒரு தளமோ கொண்டு, 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் வீட்டுக்கு, உரிமையாளரின் உறுதிமொழியை ஏற்று இணையவழியில் அனுமதி தருகிறார்கள். ஆனால் அந்த அனுமதிக்காகப் பதிவேற்றும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கொத்தனாரால் வீடு கட்ட முடியாது. மனையின் எல்லை, சுற்றிலும் விட வேண்டிய இடம், அறைகளின் அளவு ஆகியவை அதில் இருக்கும். பீமுக்கு எத்தனை கம்பி, ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது, கழிவறைக் குழாய் எந்தச் சுவரில் இறங்குகிறது என்பவற்றையெல்லாம் அதில் தேடினாலும் கிடைக்காது. உறுதிமொழியில் கையெழுத்துப் போடுபவர் நீங்கள் என்பதால், பக்கவாட்டில் விட்ட இடம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே.

காண்ட்ராக்டர் தரும் பிளானைக் கூடத்து மேசையில் விரித்து, பென்சிலால் அதே அளவுகோலில் கட்டில், பீரோ, சாப்பாட்டு மேசை, பிரிட்ஜ் எல்லாவற்றையும் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் குறியுங்கள். சென்ற மாதம் ஒரு நண்பர் கொண்டுவந்த பிளானில் இப்படி வரைந்தபோது, படுக்கையறைக் கதவைத் திறந்ததும் விளக்குச் சுவிட்சுகள் அதன் பின்னால் மறைந்துபோயின; கட்டிலைப் போட்ட பிறகு பீரோவின் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. தலைமாட்டில் இருந்த மேற்குச் சுவரோ வெறும் நாலரை அங்குலம். அந்தச் சுவர் மாலை வெயிலை முழுவதும் குடித்துவிட்டு, நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில் அதை அறைக்குள் கக்கும். காகிதத்தில் யாரும் எடுக்காத முடிவைச் செங்கல்லோடு நிற்கும் மேஸ்திரி அந்த நிமிடத்தில் எடுக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு யாரும் வரைந்து கொடுக்கவில்லை. நீங்கள் ஆர்க்கிடெக்டுக்குக் கொடுக்கும் பணம், அந்த முடிவுகள் முன்கூட்டியே எடுக்கப்படுவதற்கான கூலி.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: எல்லா வீட்டுக்கும் ஆர்க்கிடெக்ட் கட்டாயம் இல்லை. நேரான மனை, இரண்டு படுக்கையறை, சிமெண்டுக்கும் கம்பிக்குமே இழுபறியாக இருக்கும் பணம் என்றால், நல்ல சிவில் இன்ஜினியரிடம் கம்பி விவரத்துடன் கூடிய ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தை மட்டுமாவது வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேள்வி: இரண்டு பேரை விசாரித்தோம். ஒருவர் மொத்தச் செலவில் சதவீதம் கேட்கிறார். மற்றவர் சதுர அடிக்கு இவ்வளவு என்கிறார். எது நியாயம்? அவர்கள் உண்மையிலேயே ஆர்க்கிடெக்ட்தானா என்று தெரிந்துகொள்வது எப்படி? (ஆர்.பி., மதுரை)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்கள்தான் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். பதிவு எண் ‘சிஏ’ என்று தொடங்கிப் பதிவு செய்த ஆண்டையும் வரிசை எண்ணையும் கொண்டிருக்கும்; கவுன்சிலின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். மற்றவர்கள் வீட்டுக்கு வரைபடம் போடுவதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை, அந்தப் பட்டப்பெயரைத்தான் காக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. எனவே எண் கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

கட்டணத்தில் எந்த முறையும் தன்னளவில் அநியாயமானதல்ல. சதவீத முறையில், நீங்கள் டைல்ஸை விட்டுவிட்டு கிரானைட்டுக்குப் போனால் அவருடைய கட்டணமும் கூடவே ஏறும்; போர்வெல், மாடுலர் கிச்சன், மதில் ஆகியவை ‘மொத்தச் செலவில்’ சேருமா என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். சதுர அடி முறை எளிது என்றாலும், போர்டிகோவும் மொட்டை மாடிப் படிக்கட்டு அறையும் கணக்கில் வருமா என்று கேளுங்கள். ஒற்றைக் குடும்ப வீட்டுக்கு நான் விரும்புவது மொத்தமாக ஒரு தொகை பேசி, அதைக் கட்டங்களாகப் பிரித்துக் கொடுப்பதை. முன்பணம், பிளான் இறுதியானதும், வேலைக்கான வரைபடங்கள் கைக்கு வந்ததும், கடைசிப் பங்கு வேலை நடக்கும் மாதங்களில் என்று பிரித்தால் இரு தரப்புக்கும் நிம்மதி. ஜிஎஸ்டி பதிவு உள்ளவராக இருந்தால் 18 சதவீத வரி தனி.

எத்தனை முறை மனைக்கு நேரில் வருவார், பிளானை எத்தனை தடவை மாற்றித் தருவார், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு யார் பணம் தருவது என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். எழுதிக் கேட்டால் அவர் மனம் நோகுமோ என்று தயங்க வேண்டாம். பணி நிபந்தனைகளை வாடிக்கையாளருக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது ஆர்க்கிடெக்டுகளுக்கான 1989ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. கமிஷன் வாங்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. ஆகவே ஒரு குறிப்பிட்ட கடையில்தான் டைல்ஸ் வாங்க வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், காரணம் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கேள்வி: மயிலாடுதுறையில் தாத்தா கட்டிய, எண்பது ஆண்டுகளுக்கு மேலான முற்றம் வைத்த வீடு. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ், பின்கட்டு நாட்டு ஓடு. சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. பார்த்த மூன்று பேரும் இடித்துக் கட்டச் சொல்கிறார்கள். மனம் வரவில்லை. (வி.எம்., சென்னை)

பதில்: அந்த மூவரில் யாராவது மாடியில் ஏறிப் பார்த்தார்களா? மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளின் மேல் சிறிய செங்கற்களைச் செங்குத்தாகவும் குறுக்குச் சாய்வாகவும் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரை போட்டு, தட்டையான ஓடு பதிக்கும் முறை. கட்டையின் நடுப்பகுதி இரும்புபோல் இருக்கும். சுவருக்குள் நுழையும் முனையில்தான் ஈரமும் கறையானும் வேலையைத் தொடங்கும். அங்கே ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தவர்தான் வீட்டைப் பார்த்தவர். பழுதான கட்டை ஒன்றிரண்டு என்றால், முட்டுக் கொடுத்து அவற்றை மட்டும் மாற்ற முடியும்.

ஓதத்தைப் பொறுத்தவரை, காவிரிப் பாசன ஊரில் நிலத்தடி நீர் அருகிலேயே இருப்பதால் சுவர் ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். எங்கள் குடும்ப வீட்டில் இதை அறியாமல் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசினோம். இரண்டு மழைக்காலத்தில் ஈரம் சிமெண்டுக்கு மேலே ஏறி, அதுவரை நன்றாக இருந்த பூச்சையும் உதிர்த்துவிட்டது. நான் இந்தத் தொழிலில் இருந்தும் அப்படிச் செய்தோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஆகவே உடனே முழு வேலைக்கும் ஆளை அமர்த்தாதீர்கள். பழைய வீடுகளில் பழக்கமுள்ள ஆர்க்கிடெக்டையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரையும் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு ஆய்வு செய்யவும் எழுத்தில் அறிக்கை தரவும் மட்டும் கேளுங்கள். அந்த ஆர்க்கிடெக்ட் சுண்ணாம்பு வேலை செய்த, மூன்று மழைக்காலமாவது கண்ட ஒரு வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் அவரிடம் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். முடிந்த வேலையை அளந்து பணம் கொடுக்கும் முறையே பழுதுபார்ப்புக்குப் பொருந்தும், ஏனென்றால் பூச்சைக் கொத்திய பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். கையிருப்பில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருங்கள். புதிய குளியலறைகளைப் பின்கட்டுக்குத் தள்ளுங்கள். முற்றத்தைக் கண்ணாடித் தகட்டால் முழுவதும் மூடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், வீட்டின் சூடு வெளியேறும் வழி அதுதான்.

கேள்வி: பாதியில் ஆர்க்கிடெக்டை மாற்றினால் வரைபடங்கள் யாருக்குச் சொந்தம்? (டி.ஜே., கோவை)

பதில்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, எழுதிக் கொடுத்தாலொழிய, வடிவமைப்பின் உரிமை அவருடையது. கட்டணம் கொடுத்து வாங்கிய வரைபடங்களை அந்த ஒரு வீட்டைக் கட்டி முடிக்க நீங்கள் பயன்படுத்தலாம் என்ற வரியைத் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது மாற்றுவதாக இருந்தால், அதுவரை முடிந்த வேலைக்குப் பாக்கியைத் தீர்த்து, கம்பி விவரங்களும் கணினிக் கோப்புகளும் உட்பட எல்லாவற்றையும் எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே அடுத்தவரை அழையுங்கள்.