அரைக் கிலோ விமானம்: கேட்டவையும் சொன்னவையும்

நாகர்கோவிலுக்கு வெளியே, அறுப்பு கழிந்த ஏலாவில் (வயல்வெளியில்) ஞாயிறு காலை ரிமோட்டில் ஓடும் ஃபோம் போர்டு விமானம் விடுகிற ஆள் நான். ஒரு மாதமாக வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: அண்ணா, ஸ்டேஷனரி கடையில் சன்போர்டு 5 மி.மீ. வாங்கி வெட்டினேன். விமானம் கையை விட்டதும் கல் மாதிரி விழுகிறது. மோட்டார் போதவில்லையா?

மோட்டார் பாவம், அதை விடுங்கள். நீங்கள் வாங்கியது பெயர்ப்பலகைக்கான பிவிசி ஷீட். 5 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டரே இரண்டரை கிலோ பக்கம் வரும். நமக்கு வேண்டியது நடுவில் நுரை, இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு. அது அதே அளவுக்கு அரை கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரில் சொல்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. நகத்தால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் நம் சரக்கு, விழாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். முடிந்தால் சமையலறைத் தராசைக் கையோடு கொண்டுபோங்கள். நான் கொண்டுபோவேன், கடையில் சிரிப்பார்கள்.

தக்கலை: அளவுகளை எப்படி முடிவு செய்வது? நெட்டில் கிடைக்கும் பிளானை அப்படியே பிரின்ட் எடுத்தால் போதாதா?

போதும். ஆனால் ஒரு தடவையாவது நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், பிறகு எந்த பிளானைப் பார்த்தாலும் அது பறக்குமா என்று கண்ணிலேயே தெரிந்துவிடும்.

என் கணக்கு எப்போதும் இறக்கையில் தொடங்கும். நீளம் 100 செ.மீ., அகலம் 18 செ.மீ. என்றால் பரப்பு 18 சதுர டெசிமீட்டர். பழகுகிற விமானத்துக்கு ஒரு சதுர டெசிமீட்டருக்கு 20 முதல் 30 கிராம் வரை சுமக்கக் கொடுக்கலாம். அப்படியானால் முழு எடை 500 கிராமைத் தாண்டக்கூடாது. கிராம் கணக்கில் மோட்டார் 50, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி 25, வாலை அசைக்கும் சின்ன சர்வோ இரண்டும் சேர்த்து 18, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் 15, புரொப்பல்லரும் அடாப்டரும் 15, மூன்று செல் 1000 எம்ஏஎச் பேட்டரி 85. எல்லாம் சேர்ந்தால் 210 கிராம் பக்கம். மீதி 290 கிராமுக்குள் ஃபோம், பசை, கம்பி எல்லாம் அடங்க வேண்டும். போர்டை இரண்டாக மடித்துச் செய்யும் இறக்கையின் உள்பக்கக் காகிதத்தை உரித்தெடுத்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

வால் தட்டு இறக்கைப் பரப்பில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. 40க்கு 10 செ.மீ. துண்டு போதும். நிமிர்ந்து நிற்கும் வால் அதில் பாதிக்கும் குறைவு. மூக்கிலிருந்து வால் வரை 70, 75 செ.மீ. எய்லரான் (இறக்கை ஓரத்தில் அசையும் பட்டை) இல்லாமல் ரட்டரை (நிமிர்ந்த வாலில் அசையும் பட்டை) மட்டும் வைத்துத் திருப்புவதாக இருந்தால் இறக்கைக்கு நடுவில் மடிப்பு வேண்டும். ஒரு பக்கத்தை மேசையில் அழுத்திப் பிடித்தால் மறு நுனி 9, 10 செ.மீ. எழும்ப வேண்டும். மடிப்பில்லாத இறக்கையில் ரட்டரை மிதித்தால் விமானம் மூக்கைத் திருப்புமே தவிர சாயாது.

ஆரல்வாய்மொழி: எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். எடையைக் கூட்டினால்தானே காற்றில் நிற்கும்? என் நண்பன் மூக்கில் 250 கிராம் ஈயம் வைக்கச் சொல்கிறான்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. கனமான விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், சரிதான். ஆனால் விலையைப் பாருங்கள். 500 கிராம் விமானத்தை 750 ஆக்கினால், விழாமல் மிதக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் சுமார் 22 சதவீதம் கூடும். அந்த வேகத்தில் தரையில் மோதினால் அடி இரண்டேகால் மடங்கு. எடை ஒன்றரை மடங்கு, வேகத்தின் வர்க்கம் இன்னொரு ஒன்றரை மடங்கு, இரண்டும் பெருகிவிடும். பழகுகிறவர் தினமும் மோதுவார். தாங்காது. அதிலும் ஈயத்தை மூக்கில் வைத்தால் எடைமையமும் முன்னால் ஓடிவிடும்.

மலைக்கு நடுவில் இருக்கிற கணவாய் வழியாகக் காற்று நெருக்கிக்கொண்டு வருவதால்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள்? மே முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்றோடு அரைக் கிலோ ஃபோமை மோதவிடுவது வேண்டாத வேலை. அரைக் கிலோ விமானம் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்குக் கீழே மிதக்காது. எதிர்காற்றும் 25 அடித்தால் அது ஒரே இடத்தில் நிற்கும், முதுகைக் காட்டினால் அடுத்த ஊருக்குப் போய்விடும். எடையை மாற்றாதீர்கள் மக்கா, நேரத்தை மாற்றுங்கள். விடிந்து ஒரு மணி நேரம், காற்றாலை இறக்கை அசையாமல் நிற்கிற நாள். உங்களுக்கு ஊரெல்லாம் காற்றுமானி, எங்களுக்கு அந்த வசதி இல்லை.

குளச்சல்: கடற்கரை மணல் மெத்து மெத்தென்று இருக்கிறது. அங்கே பழகலாமா?

விழுவதற்கு நல்ல இடம், மோட்டாருக்குக் கெட்ட இடம். பிரஷ்லெஸ் மோட்டாருக்குள் பலமான காந்தங்கள் இருக்கின்றன. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இருக்கும் இல்மனைட் என்ற தாது காந்தத்துக்கு ஒட்டும். காந்தம் வைத்துத்தான் அதை மற்ற மணலிலிருந்து பிரிக்கிறார்கள். ஒரு தடவை மூக்குக் குத்தினால் மோட்டாருக்குள் கரகரவென்று சத்தம் வரும். நான் பல்துலக்கும் பிரஷ், ஒட்டும் டேப் என்று ஒரு மாலை முழுவதும் எடுத்தும் முழுதாகப் போகவில்லை. போதாததற்கு உப்புக்காற்று கம்பியையும் பேரிங்கையும் துருப்பிடிக்க வைக்கும். நெல்வயலுக்கு வாருங்கள். கும்பப்பூ (இரண்டாம் போகம்) அறுப்பு முடிந்த பிறகு, உழுவதற்கு முன்னால். வயல்காரரிடம் கேட்டுவிட்டுத்தான். அறுத்த நெல் தாள் நிற்கிற வயலில் சக்கரம் வேண்டாம், வயிற்றில் டேப் ஒட்டிச் சறுக்கி இறக்கலாம். சக்கரம் இல்லையென்றால் 30 கிராம் மிச்சம்.

திங்கள்நகர்: என்ன பசை? சூப்பர் குளூ போட்டேன், ஃபோம் உருகிப் பள்ளமாகிவிட்டது.

சாதாரண சூப்பர் குளூ தெர்மாகோல் வகை நுரையைத் தின்றுவிடும். ரப்பர் பசையும் அப்படித்தான். ஹாட் குளூ வேகமானது, ஆனால் கனம். கோடு மாதிரி இழுக்காமல் பொட்டுப் பொட்டாக வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகி இறக்கை கழன்றதைப் பார்த்திருக்கிறேன், ஆகவே மோட்டார் பலகைக்கு மட்டும் எபாக்சி. பெரிய பரப்பை ஒட்ட வெள்ளை மரப்பசை, ஒரு ராத்திரி பொறுமை இருந்தால். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. வெட்டிய ஓரங்களில் செல்லோ டேப் சுற்றாவிட்டால் ஈரம் குடித்துக் காகிதம் உரியும். சர்வோவிலிருந்து வாலுக்குப் போகும் கம்பிக்கு உடைந்த குடையின் கம்பி அருமை, காசும் இல்லை.

குலசேகரம்: சார், எடைமையம் எங்கே வர வேண்டும்? விமானம் ஏறி ஏறி நின்று விழுகிறது.

வால் கனம். இறக்கையின் முன் ஓரத்திலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதம். 18 செ.மீ. இறக்கையில் 5 செ.மீ. தள்ளி இரண்டு விரலால் அடியில் தாங்கிப் பிடித்தால் மட்டமாக நிற்க வேண்டும். பேட்டரியோடு பார்க்க வேண்டும், நிறைய பேர் பேட்டரி இல்லாமல் பார்த்துவிட்டு மண்டையைச் சொறிவார்கள். மூக்கில் ஈயம் வைக்காமல் பேட்டரியையே முன்னால் தள்ளுங்கள். மோட்டாரை 2 டிகிரி வலப்பக்கமும் 2, 3 டிகிரி கீழேயும் சாய்த்து மாட்டுங்கள். ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறீர்கள், பறக்கவிட இடம் கிடைப்பது கஷ்டம். வறண்ட குளம் ஏதாவது உண்டா என்று பாருங்கள்.

நாகர்கோவில், ஒன்பதாம் வகுப்பு மாணவியின் அம்மா: முதலில் எதற்குக் காசு போடலாம்? சட்டச் சிக்கல் உண்டா?

அக்கா, முதல் காசு நல்ல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுக்கு. விமானம் பத்து உடையும், ரிமோட் கூடவே வரும். அதைக் கணினியில் இணைத்து சிமுலேட்டரில் இரண்டு வாரம் ஓட்டட்டும். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலது மாறித் தெரியும். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளச் சொல்லுங்கள், சரியாகிவிடும். மோட்டார் 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுற்று), 10 அங்குல புரொப்பல்லர் போதும். புரொப்பல்லர் விரலை வெட்டும். பேட்டரியைச் செருகும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள்.

2021 டிரோன் விதிகளில் எடைதான் அளவுகோல். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, நம் அரைக் கிலோ இதில் வரும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

இரணியல்: தென்னையில் மாட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது?

கல் எறியாதீர்கள், ஃபோம்தான் கிழியும். த்ராட்டிலை (மோட்டார் வேகக் குச்சியை) இறக்கிவிட்டு, எந்த மரம் என்று அடையாளம் வைத்துக்கொண்டு, தேங்காய் போடுகிற அண்ணனைக் கூப்பிடுங்கள். ராத்திரி முழுக்க மேலேயே கிடந்தால் பேட்டரி வற்றிவிடும். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அதைத் திரும்ப சார்ஜில் போடவே கூடாது. என்னுடையது மூன்று தடவை மாட்டியிருக்கிறது. மூன்றாம் தடவை அண்ணன் காசு வாங்கவில்லை, ரிமோட்டை ஐந்து நிமிஷம் கையில் கேட்டார். அடுத்த மரத்தில் ஏற்றிவிட்டார்.